பழைய பயணிக்குத் தள்ளுபடியாம்: ஒரு குரூஸ் விசுவாசியின் புலம்பல்

“நீங்கதான் அடிக்கடி குரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் சுற்றுலா, போறீங்களே, ஒரே கம்பெனியில திரும்பத் திரும்பப் போனா நிஜமாவே ஏதாவது கிடைக்குமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நிதானமாகப் பதில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள், நான் முழுப் பணமும் கட்டி முடித்துவிட்ட பயணத்தின் விலையை அதே கம்பெனி இறக்கிவிட்டது. அதுவும் ‘முதல்முறை வருபவர்களுக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு. ஆகவே இதில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

திரும்பத் திரும்ப வருபவரை உறுப்பினராக்கி, பயணத்துக்குப் பாயிண்ட் கொடுத்து, அது சேரச் சேர லெவலை ஏற்றிச் சலுகை தருவார்கள். இந்தக் கணக்கெல்லாம் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். பல கம்பெனிகளில் ஒரு இரவுக்கு ஒரு பாயிண்ட், சூட் என்ற பெரிய சொகுசு அறை எடுத்தால் இரட்டிப்பு. ராயல் கரீபியன் கம்பெனியில் தனியாக ஒரு கேபின் (கப்பல் அறை) எடுப்பவருக்கும் கூடுதல் பாயிண்ட் உண்டு. இருவர் காசை ஒருவரே கட்டுகிறார், அதையாவது கொடுக்கட்டும். பிரின்செஸ் என்ற கம்பெனியில் எத்தனை நாள் என்பதையும் எண்ணுவார்கள், எத்தனை பயணம் என்பதையும் எண்ணுவார்கள். எது முதலில் எட்டுகிறதோ அது. அதனால் மூன்று நான்கு நாள் குட்டிப் பயணமாகப் பார்த்துப் பார்த்து ஏறி மேல் லெவலைப் பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

என் எரிச்சல் தள்ளுபடியில். உள்ளே லாகின் செய்தால் விலைக்குப் பக்கத்தில் ‘உறுப்பினர் விலை’ என்று பச்சை நிறத்தில் ஒன்று மின்னும். அழகாகத்தான் இருக்கும். கீழே பொடி எழுத்தில், இதை வேறு எந்த ஆஃபருடனும் சேர்க்க முடியாது என்று இருக்கும். வருடம் முழுக்க ஏதோ ஒரு ஆஃபர் ஓடிக்கொண்டே இருக்கும் தொழில் இது. அப்படியென்றால் உறுப்பினர் விலை எப்போதுதான் பயன்படும்? லாகின் செய்யாமல் வேறொரு பிரௌசரில் அதே தேதி, அதே பால்கனி கேபினைப் போட்டுப் பார்ப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. பாதி நேரம் யாரென்றே தெரியாத ஆளுக்குக் காட்டும் விலைதான் குறைவு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பதைக் கணினியில் போட்டு ஓட்டுகிறார்கள்.

சேர்க்க அனுமதித்தாலும் பெரிய தொகை வராது. எம்எஸ்சி என்ற இன்னொரு கப்பல் கம்பெனி தன் உறுப்பினர்களுக்குக் கொடுப்பது 5 சதவீதம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அது வெளிப்படையான கணக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவாக இந்த மாதிரித் தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்குத்தான். வரி, துறைமுகக் கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று தினமும் பில்லில் சேரும் டிப்ஸ் எதையும் அது தொடாது. கடைசி பில்லைப் பார்த்தால் 5 எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

சரி, விலை இறங்கிய விஷயம். முழுப் பணம் கட்ட வேண்டிய கெடுவுக்கு முன்னால் விலை குறைந்தால் போன் போட்டுக் கேட்கலாம். பல கம்பெனிகள் புது விலைக்கு மாற்றித் தருகின்றன. கெடு தாண்டிவிட்டால் உங்கள் பணம் அவர்கள் பணம். அது விதி, எனக்கும் தெரியும். விதியைப் பற்றிச் சண்டையே இல்லை. போனில் பேசியவர் மூச்சுக்கு மூச்சு “எங்கள் மதிப்புக்குரிய உறுப்பினரே” என்று சொன்னாரே, அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருடம் இவர்களோடு மட்டுமே போனதற்கு வித்தியாசத் தொகையில் பாதியை ஆன்போர்டு கிரெடிட்டாக, அதாவது கப்பலில் செலவழிக்கும் வரவாக, என் கணக்கில் போட்டிருக்கலாம். அந்தக் காசையும் நான் கப்பலில்தானே செலவழிக்கப் போகிறேன்? பணமாகத் திருப்பித் தராத கிரெடிட் கடைசி இரவோடு செத்துவிடும். மிச்சத்தைத் தீர்க்க வேண்டுமே என்று கப்பல் கடையில் யாருக்கும் வேண்டாத சாவிக்கொத்தையும் தொப்பியையும் அள்ளும் கூட்டத்தை அந்த இரவு பார்க்கலாம்.

விசுவாசத்துக்கு மதிப்பு எவ்வளவு என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். பல கப்பல் கம்பெனிகளை வைத்திருக்கும் கார்னிவல் கார்ப்பரேஷனின் 100 பங்குகள் வைத்திருந்தால், விண்ணப்பித்துக் கிரெடிட் வாங்கும் வசதி பல வருடமாக இருக்கிறது: 6 நாள் வரையான பயணத்துக்கு 50 டாலர், 7 முதல் 13 நாளுக்கு 100, 14 நாளோ அதற்கு மேலோ என்றால் 250. முதல்முறை ஏறுபவருக்கும் இது உண்டு. கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு டெபாசிட் கட்டினால் கிடைக்கும் கிரெடிட்டும் அப்படித்தான். அந்த முன்பதிவு மேசையில் உங்கள் லெவலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு கம்பெனியில் வாங்கிய லெவலைக் காட்டினாலே எம்எஸ்சி தன்னிடம் ஒரு லெவல் போட்டுக் கொடுக்கும். உண்மையான காசும் மரியாதையும் விசுவாசம் இல்லாதவர்களுக்கான கதவுகள் வழியாகத்தான் வருகின்றன.

உச்சிக்கே போகலாமே என்றால், ராயல் கரீபியனின் பினாக்கிள் லெவலுக்கு 700 பாயிண்ட். சாதாரணக் கேபினில், ஏழு இரவுப் பயணமாக, நூறு முறை. ஒரு இலவசப் பயணம் அங்கே காத்திருக்கிறது. ஆயுள் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் விதியும் மாறலாம். கார்னிவல் இரவுக் கணக்கை விட்டுவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறப்போவதாக 2025இல் அறிவித்ததும் பழைய பயணிகள் கொதித்துப்போனார்கள். மலிவான கேபினில் வருடக்கணக்காகப் போய்ச் சேர்த்தவர்களுக்கு வேறெப்படி இருக்கும்?

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம். இலவச லாண்ட்ரி! மேல் லெவலுக்கு வந்தபோது நான் கவனிக்கவே கவனிக்காத சலுகை இது. அலமாரியில் ஒரு பையும், கார்பன் வைத்த சீட்டும் இருக்கும். சட்டை இத்தனை, பேன்ட் இத்தனை, உள்ளாடை இத்தனை என்று எண்ணி எழுதிக் கட்டில்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போகலாம். ஓரிரு நாளில் சட்டைகள் ஹேங்கரிலும் மற்றவை மெல்லிய தாள் வைத்து மடித்தும் திரும்பி வரும். காலர் லேபிளில் கேபின் எண் எழுதிய துண்டு ஒன்று ஸ்டேப்ளர் பின்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்காமல் போட்டால் கழுத்தில் குத்தும், அது ஒன்றுதான் குறை. கப்பலில் லாண்ட்ரிக்கு ஒவ்வொரு உருப்படிக்கும் காசு. நீண்ட பயணத்தில் அந்த விலைப்பட்டியலைப் பெருக்கிப் பார்த்தால், உறுப்பினர் தள்ளுபடி பக்கத்தில்கூட வராது. விமானத்துக்கு ஒரு பெட்டி குறைந்தது. என் வீட்டம்மா இந்தக் கம்பெனியை விடக்கூடாது என்று சொல்வதற்கு ஒரே காரணம் இதுதான்.

முன்னுரிமை போர்டிங் பற்றிக் கேட்காதீர்கள். நீண்ட பயணங்களில் பாதிக் கப்பல் முன்னுரிமைக்காரர்கள்தான். சாதாரண வரிசை சீக்கிரம் நகரும். குட்டிப் படகில் கரைக்குப் போகும் துறைமுகங்களில் மட்டும் அந்த முன்னுரிமை உண்மையிலேயே உதவுகிறது. மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருக்கும்போது நீங்கள் முதல் படகுகளில் இருப்பீர்கள்.

நண்பருக்குப் பதில்: லெவலுக்காக ஒரு கம்பெனியோடு கட்டிக்கொள்ளாதீர்கள். தேதிக்கும் வழிக்கும் எது மலிவோ அதில் ஏறுங்கள். முழுப் பணம் கட்டும் கெடுவை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதுவரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள். அந்த வேலை தரும் காசை எந்த உறுப்பினர் அட்டையும் தராது. நீண்ட பயணம்தான் போவீர்கள், துணி துவைக்கப் பிடிக்காது என்றால் மட்டும் வேறு கதை.

மதிப்பெண்: லாண்ட்ரிக்கு ஐந்து, ஊழியர்களுக்கு ஐந்து, படகு முன்னுரிமைக்கு நான்கு. மொத்தமாக, ஐந்துக்கு இரண்டு. கூட்டிக் கழித்தால் சரியாக வராது, தெரியும். வித்தியாசத் தொகைக்குக் கிரெடிட் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். வந்தால் மூன்றாக மாற்றுகிறேன்.