பெரிய டிராக்டருக்கு 14க்கு 12 அடி கியர் ஷட்டர், ஒரு வருஷம் யூஸ் பண்ணின பிறகு

இது என் டிராக்டர் ஷெட்டுக்கு நான் போட்ட ரெண்டாவது ஷட்டர். மொதல்ல போட்டது 10க்கு 10 அடி, எட்டு மாசத்துல கழட்டிட்டேன். இப்ப இருக்கறது 14 அடி அகலம், 12 அடி உயரம், கியர் வெச்சு செயினால இழுத்து ஏத்துற ரோலிங் ஷட்டர். ஒரு வருஷம் ஆச்சு, தாராளமா ரெகமண்ட் பண்ணுவேன், ஆனா ஷட்டர் எவ்ளோ நல்லதா இருந்தாலும் சைஸ் தப்பா போச்சுன்னா எல்லாம் வீண், அதனால அதையே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

என்கிட்ட இருக்கறது கேபின் வெச்ச 110 ஹெச்பி வண்டி. ரூஃப் வரைக்கும் 9 அடி 2 இன்ச். பத்தடி கதவு போட்டா பத்து இன்ச் மிச்சம் இருக்குமேன்னு கணக்கு போட்டேன். ஷட்டர் போட வந்தவரும் "அண்ணே இது தாராளமா போகும்ணே"ன்னுட்டாரு. ஆனா ஷட்டரை முழுசா சுருட்டினாலும் கீழ்ப்பட்டி 4 இன்ச் தொங்கிட்டுதான் நிக்குது. அப்புறம் தரைக்கு கான்கிரீட் போட்டோம், அதுல ஒரு 4 இன்ச் போச்சு. மிச்சம் 9 அடி 4 இன்ச். ரூஃப் உள்ள போயிடும், ஆனா ரூஃப் மேல சுத்துற லைட் இருக்கே, அது தனியா 6 இன்ச்! மொத நாளே டப்புனு ஒரு சத்தம், இறங்கிப் பார்த்தா மஞ்சள் மூடி ரெண்டா பொளந்து தரையில கெடக்குது, கீழ்ப்பட்டி நடுவுல வளைஞ்சு போச்சு. கேட்டலாக்ல போட்டிருக்கற உயரம் கம்பெனி டயருக்கு உண்டானது, நாம பெரிய டயர் மாத்தினாலோ மேல லைட்டு, ஜிபிஎஸ் மாட்டினாலோ அது அதுல வராது.

ரெண்டாவது தடவை நாங்களே அளந்தோம். வண்டியை சமதரையில நிறுத்தி, டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாத்துட்டு, நேரான அலுமினியப் பட்டை ஒண்ணை லைட் மேல படுக்க வெச்சு ரசமட்டம் பாத்து, வெளிய நீட்டின முனையில இருந்து தூக்குகுண்டு விட்டு, தரை வரைக்கும் டேப் புடிச்சோம். 9 அடி 8 இன்ச். கண்ணால பாத்து சொல்றதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு, தயவுசெஞ்சு இப்படியே அளங்க.

அகலம்தான் இன்னும் பெரிய விஷயம். பின் டயர் ரெண்டுக்கும் வெளிப்பக்கம் 7 அடி 4 இன்ச்தான், ஆனா பின்னாடி மாட்டியிருக்கற ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடியாக்குற கருவி) எட்டரை அடி. பழைய பத்தடி கதவுல ரெண்டு பக்கமும் ஷட்டர் ஏறி இறங்கற இரும்புக் காடி, அதான் கைடு சேனல், 3 இன்ச் 3 இன்ச் எடுத்துக்கிச்சு, ஆக ஒரு பக்கத்துக்கு 6 இன்ச்தான் கேப். நேரா வந்தா நுழையும். என் ஷெட் முன்னாடி நேரா வர எடம் இல்ல, திருப்பிக்கிட்டேதான் உள்ள வரணும், அப்ப முன்சக்கரம் ஒரு பக்கம் போக பின்னாடி இருக்கற ரோட்டவேட்டர் எதிர்ப்பக்கம் வீசும். சேனல்ல அது உரசின தடம் இப்பவும் பழைய இரும்புல இருக்கு. நேரா நுழையறவங்களுக்கு பன்னெண்டு அடி போதும், திருப்பி நுழையறவங்க பதினாலுக்கு கீழ போகாதீங்க.

இன்னொண்ணு, வாசல் சரிவு. வெளிய மண் கொட்டி மேடாக்கியிருந்தா, வண்டியோட கேபின் ஷெட் வாசலுக்கு அடியில வரும்போது பின்சக்கரம் இன்னும் வெளிய மேட்டுலதான் நிக்கும், அந்த மேடு அளவுக்கு ரூஃப் உயர்ந்து போயிடும். தரை, வாசல் மண்ணு ரெண்டையும் முடிச்சுட்டு அப்புறமா ஷட்டர் ஆர்டர் குடுங்க.

சரி, ஷட்டர் எப்படி? செயின் இழுக்க லேசா இருக்கு, பெரியவங்க ஒரு ஆளே ஏத்திடலாம், ஆனா முழுசா மேல போக ரெண்டு நிமிஷம் ஆகுது, அவசரத்துல கொஞ்சம் எரிச்சல்தான். இவ்ளோ அகல ஷட்டரை கையால தூக்குற மாடல்ல யோசிக்கவே யோசிக்காதீங்க. மோட்டார் வெக்கறதுன்னா கரண்ட் இல்லாதப்ப ஏத்த செயினும் இருக்கணும், அப்புறம் ஷட்டர் மேல போய் தானா நிக்கற லிமிட்டை சரியா செட் பண்ண சொல்லுங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் ஷெட்ல அது அரையடி முன்னாடியே நின்னுடுது, உயரம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. சுருள் உக்கார லிண்டலுக்கு (வாசலுக்கு மேல வர்ற உத்தரம்) மேல எங்களுக்கு ஒண்ணரை அடி தேவைப்பட்டுச்சு, கூரை தாழ்வா இருந்தா மொதல்ல அதைப் பாருங்க. கார் ஷெட்டுக்குன்னு ரெடிமேடா வர்ற 7 அடி, 8 அடி கதவுங்க கேபின் வண்டிக்கு ஆகவே ஆகாது.

குறைன்னா காத்துதான். 14 அடி அகலத் தகடு, காத்தடிச்சா படபடன்னு அடிக்கும், ராத்திரி தூக்கம் போயிடும். ஷட்டர் தகட்டுப் பட்டைங்க நுனியில, சேனலை விட்டு வெளிய வராம புடிச்சுக்கற கிளிப்பு போட்டப்புறம் பாதி சத்தம் கொறைஞ்சுது. அதை மொதல்லயே கேட்டு வாங்கியிருக்கணும், போடறவங்களா சொல்ல மாட்டாங்க.

இப்ப லைட்டுக்கு மேல சரியா ரெண்டடி இருக்கு. ரோட்டவேட்டர் மாட்டினபடியே, கண்ணாடியை மடிக்காம, ஒரே திருப்புல உள்ள வந்துடறேன்.