'ஆஃபர் பேக்' என்று என் காதில் விழுந்தது: ஜிம்மில் சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

வேளச்சேரியில் ஒரு ஜிம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. வாசலில் பலூன் கட்டி, 'நியூ இயர் ஆஃபர், மாதம் ₹999' என்று ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த ஜனவரியில் உள்ளே போனேன்.

நான் மன்னார்குடிக்காரன். பெருங்குடியில் அக்கவுண்ட்ஸ் வேலை. இங்கிலீஷில் மெயில் அடிக்க வரும், பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கிற இடத்தில் தமிழில் கேட்டால் மதிப்பார்களா என்று ஒரு பயம் வேறு. அதனால் இரண்டு நாள் யூடியூப் பார்த்து, மேன்ஷன் மொட்டை மாடியில் நடந்தபடி ஒத்திகை பார்த்தேன். 'ஐ வுட் லைக் டு நோ அபௌட் யுவர் மெம்பர்ஷிப் பிளான்ஸ்.' 'ஹவ் மச் இஸ் இட் பர் மன்த்?' 'டூ யூ ஹேவ் எனி டிஸ்கவுண்ட்ஸ்?' மூன்றும் தண்ணி பட்ட பாடு.

உள்ளே டை கட்டிய ஒரு பையன். கேள்விகளைத் தடுமாறாமல் ஒப்பித்தேன். அவன் பதில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது, பதிலுக்கு நான் ஒத்திகையே பார்க்கவில்லை.

"ஷூர் சார். எஃபெக்டிவ்லி நைன் நைன்டி நைன் பர் மன்த், ஆன் அவர் ஆஃப்-பீக் பேக், பில்ட் ஆனுவலி, பிளஸ் ஜாய்னிங் ஃபீ அண்ட் டாக்ஸஸ்."

இதில் எனக்குப் பிடிபட்டது அந்த 999 மட்டும். 'ஆஃப்-பீக் பேக்' என் காதில் 'ஆஃபர் பேக்' என்று விழுந்தது. வாசலில் பலூனைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வேறு எப்படி விழும்? இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருக்கலாம். கூச்சம். "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன்.

நடுவில் ஊருக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எப்படியோ கேட்டுவிட்டேன். "யூ கேன் ஃப்ரீஸ் எனிடைம் சார்" என்றான். நிறுத்தினால் மிச்சப் பணம் வந்துவிடும் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். டேப்லெட்டை நீட்டினான், விரலால் கையெழுத்துப் போட்டேன். கார்டைத் தேய்த்தான். ₹16,506.

ஸ்லிப் வெளியே வந்த அதே நொடியில் பின்னால் திரும்பி, "டேய், கேன் தண்ணிக்காரன் வந்துட்டுப் போய்ட்டானா பாரு!" என்று கத்தினான். அத்தனை நேரமும் தமிழிலேயே பேசியிருக்கலாம் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் கைரேகை மெஷின் சிவப்பு லைட் காட்டுகிறது. "உங்க டைம் லெவன் டு ஃபோர் சார்" என்கிறான், இப்போது தமிழில். காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை கூட்டம் இல்லாத நேரம், அதுதான் 'ஆஃப்-பீக்'. அதற்குத்தான் அந்த விலை. என் ஆபீஸ் ஒன்பதரையிலிருந்து ஆறரை வரை. முழு நேரத்துக்கு மாற்ற இன்னும் ₹6,000 கட்ட வேண்டுமாம்.

அன்றிரவுதான் பில்லை ஒழுங்காகப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்துக்கு 11,988, ஜாய்னிங் ஃபீ 2,000, ஆக 13,988. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 2,518. ஜிம்முக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். அந்தக் கணக்கில் 699 வர வேண்டும். 1,819 ரூபாய் அதிகம். நாள் முழுக்க அடுத்தவன் இன்வாய்ஸில் தப்பு கண்டுபிடிப்பவன் நான். என் கையில் கொடுத்த பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஆபீஸில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

'ஃப்ரீஸ்' கதையும் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நாலு பக்கத் தாளில் இருந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, பதினைந்து நாள், ஒரு வாரம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவுத் தேதி தள்ளிப் போகும், பணம் திரும்பாது. வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கலாம், அதற்குத் தனியாக ₹2,500.

மேனேஜரைக் கேட்டால் "சைன் பண்ணிட்டீங்களே சார்" என்பதோடு சரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். தமிழிலேயே பேசினார்கள். பில்லையும் ஃபிளெக்ஸ் போட்டோவையும் பதிவேற்றச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஜிம்காரர்களே கூப்பிட்டு, 'சிஸ்டத்தில் பழைய ரேட் இருந்துவிட்டது' என்று 1,819-ஐ மட்டும் திருப்பி அனுப்பினார்கள். மற்றதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று இருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என் ரூம்மேட் நிலைமை இன்னும் மோசம். 'நோ காஸ்ட் இஎம்ஐ', அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். அது ஜிம்முக்குக் கட்டும் தவணை இல்லை, அவன் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடன். ஜிம்முக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஐந்தாம் தேதி பணம் எடுப்பார்கள். ஒரு தவணை விட்டால் சிபில் ஸ்கோர், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண், அடி வாங்கும்.

நீங்கள் போனால் 'பர் மன்த்' என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு என் கையை விட்டு மொத்தம் எவ்வளவு போகும், ஜிஎஸ்டி எத்தனை பர்சன்ட்? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உள்ள விடுவீங்க? ரெண்டு மாசத்துல நிறுத்தினா எவ்வளவு திரும்ப வரும்?" என்று தமிழிலேயே கேளுங்கள். சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அது வருகிற வரைக்கும் கார்டை வெளியே எடுக்காதீர்கள். இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும் என்றால் 'சாரி, கேன் யூ ரைட் இட் டௌன்?' என்ற ஒன்றைப் பழகிக்கொண்டு போங்கள். மொட்டை மாடியில் நான் ஒத்திகை பார்த்த மூன்றுக்குப் பதில் இது ஒன்று போதும்.

இப்போதைக்கு லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் பதினொரு மணிக்குப் போகிறேன். அந்த நேரத்தில் ஏசி போட மாட்டார்களாம். அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது.