துரோகி இல்லாத வட்டமேசை

ஆர்தர் அரசரின் கதைகளை இன்றைய ரசனைக்கு ஏற்ப மாற்றித் தருபவர்களில் பெரும்பாலோர் வாளையும் டிராகனையும் எடுத்துக்கொண்டு, அவருடைய வீரர்களின் வட்டமேசைக் குழு ஏன் சிதைந்தது என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள். செர்ஜ் லாஜே, புரூனோ கத்தாலா ஆகிய இருவரும் வடிவமைத்து 2005இல் வெளிவந்த 'ஷேடோஸ் ஓவர் கேமலாட்' என்ற போர்டு கேம் அந்தக் கேள்வியையே ஆட்டமாக்கியிருக்கிறது. ஆர்தர் கதைகளைத் தொகுத்து மலோரி எழுத, 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட நூலிலும் வட்டமேசையை வீழ்த்துவது உட்பகைதான்.

மூன்று முதல் ஏழு பேர் வரை, ஆளுக்கொரு வீரராக, ஒரே கட்சியில் ஆடுகிறோம். தம் முறை வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு கெடுதலைச் செய்தாக வேண்டும்: கறுப்புச் சீட்டு ஒன்றை எடுக்கலாம், ஆர்தரின் கோட்டையான கேமலாட்டுக்கு வெளியே முற்றுகைப் பொறி ஒன்றை வைக்கலாம், அல்லது தம் உயிரில் ஒரு புள்ளியை இழக்கலாம். நல்ல காரியம் அதற்குப் பிறகுதான். பொறிகள் 12 ஆகிவிட்டால் கேமலாட் வீழ்ந்தது.

ஆடுபவர் விசுவாசியா, கட்சிக்குள் ஒளிந்திருக்கும் துரோகியா என்று அவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லும் விசுவாசச் சீட்டுகள் மொத்தம் 8. அவற்றில் ஒன்று மட்டுமே துரோகியுடையது. ஐந்து பேர் ஆடினால் மூன்று சீட்டுகள் யாருக்கும் போகாமல் கவிழ்ந்தே கிடக்கும் என்பதால், துரோகியே இல்லாமலும் ஆட்டம் நடக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு முறை தங்கை உயிர்ப்புள்ளியை விட்டுக்கொடுக்காமல் தொடர்ந்து பொறிகளையே வைத்தாள் என்பதற்காக அவளைத் துரோகி என்று குற்றஞ்சாட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் சீட்டைத் திருப்பிக் காட்டினாள், விசுவாசி. பொய்க் குற்றச்சாட்டுக்குத் தண்டனையாக மேசையில் நம் வெற்றியைக் குறிக்கும் வெள்ளை வாள் ஒன்று தோல்வியைக் குறிக்கும் கறுப்பாகத் திரும்பியது, அந்த ஒரு வாளால்தான் தோற்றோம். துரோகியின் சீட்டு, யாருக்கும் போகாத மூன்றுக்குள் கிடந்தது.

கையிலுள்ள சீட்டின் எண்ணைச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு நல்ல விதி. 'பிக்ட் படையை எதிர்க்க என்னால் சிறிது உதவ முடியும்' என்று சுற்றிவளைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நல்லவனும் கள்ளனும் ஒரே குரலில் பேசுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா?

சாகசங்கள்தான் சப்பென்று இருக்கின்றன. லான்சலட் என்ற வீரருடன் மோதுவதென்றால் ஒரே எண்ணில் மூன்று சீட்டுகளும் ஒரு ஜோடியும் சேர்ப்பது என்கிறபோது, கேமலாட் மறைந்து ரம்மி மேசை தெரிகிறது. மூன்று பேர் மட்டுமே கூடும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து பேராவது ஒன்றரை மணி நேரம் எழாமல் உட்கார்வார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.