இலையுதிர்கால அடுக்களை அலங்காரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

தென்னாப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம் என்பதால், எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புனித வெள்ளித் தீமிதியும் ஏப்ரல் 14 அன்று பிறக்கும் தமிழ்ப் புத்தாண்டும் மரங்கள் நிறம் மாறும் அந்தப் பருவத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. இவ்வாண்டு புத்தாண்டுக்கு டர்பனிலிருந்து என் தங்கை குடும்பத்துடன் வருவதாக இருந்தது. நார்த்டேலில் உள்ள எங்கள் வீட்டின் அடுக்களையைப் பருவத்துக்கு ஏற்றபடி அழகுபடுத்தலாம் என்று ஆசைப்பட்டு, ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்திருந்த ஓர் அலங்காரக்காரரை வாட்ஸ்அப் வழியாக அழைத்தேன். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர் செய்த வேலையைப் பற்றி ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

சொன்ன விலை 6,800 ரேண்ட்; பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். மீலி என்று இங்கே நாங்கள் சொல்லும் மக்காச்சோளத்தின் காய்ந்த கதிர்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது, கோதுமைத் தாள்கட்டு ஒன்றை அலமாரியின் மேல் நிறுத்துவது, சன்னல் விளிம்பில் சிறு பூசணிகளை அடுக்குவது, அடுப்புக்குப் பின்சுவரில் செவ்விலைகள் அச்சிட்ட ஒட்டுத்தாளைப் பதிப்பது என்பன ஒப்பந்தத்தில் இருந்தன. மார்ச் கடைசி வாரத்தில் இரண்டு பையன்களுடன் வந்து ஒரே பகலில் முடித்துவிட்டார். அன்று மாலை அடுக்களை அழகாகத்தான் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, கதிர்க்கொத்துக்கு நேர் கீழே மேடைமீது வெள்ளை மாவு போன்ற தூள் படிந்திருப்பதைக் கண்டேன். சுண்ணாம்பு உதிர்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் அதே தூள் இருந்தது. கொத்தை இறக்கிப் பார்த்தபோது சோளமணி ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போன்ற துளைகள் இருந்தன. உதறியவுடன் மூக்கு நீண்ட கூன்வண்டுகள் மேடையெங்கும் ஓடின. புத்தாண்டுப் பாயசத்துக்காக வாங்கி வைத்திருந்த பச்சரிசி, 10 கிலோ புழுங்கலரிசி, கோதுமைக் குருணை என்று மூடி சற்றே தளர்ந்திருந்த எந்த டப்பாவையும் அவை விட்டுவைக்கவில்லை. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன். அரிசியை எறியக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த எங்கள் ஆயா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் காட்சியைப் பார்த்துப் பொறுத்திருக்க மாட்டார்.

இந்த வண்டின் இயல்பை அறிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். பெண் வண்டு தானியமணியில் சிறு துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைத் தானே அடைத்துவிடுகிறது; புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வெப்பமான சூழலில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வருகிறது. அதனால் கொண்டுவரும் நாளில் கதிர் குறையேதும் இல்லாமல்தான் தெரியும். எங்கள் வீட்டிலோ அது கெட்டில் வைக்கும் இடத்துக்கு மேலே, சூடும் ஆவியும் ஓயாத மூலையில் தொங்கியது. அலங்காரத்துக்கு வரும் தானியக் கதிரைப் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தாலே முட்டையும் புழுவும் செத்துவிடும். நான் விசாரித்தபோது அவர், “ஆண்ட்டி, எல்லாம் போன சீசன் சரக்கு, நன்றாகக் காய்ந்ததுதான்” என்றார். போன பருவத்துச் சரக்கு என்றால் ஓர் ஆண்டு எங்கோ கிடங்கில் கிடந்த சரக்கு என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

பூசணிகளுக்கும் இதே கதைதான். இங்கே விளையும் வெளிறிய, தட்டையான போயர் பூசணி, காம்பு முறியாமலும் தோல் கீறாமலும் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. தகரக் கூரைமேல் வைத்தே குளிர்காலம் முழுவதும் சமைத்து உண்ட குடும்பங்கள் இந்த நாட்டில் உண்டு. அவர் வைத்தவை காம்பை ஒடித்துவிட்டுப் பொன்னிற வண்ணம் தெளித்தவை. மூன்றாம் வாரத்தில் அடி இளகி நீர் வடிந்தது. வண்ணம் பூசியதால் சமைக்கவும் வழியில்லை.

என்னை உண்மையில் அச்சுறுத்தியது ஒட்டுத்தாள்தான். மின்வெட்டு மாற்றி மாற்றி வந்த ஆண்டுகளில் எங்களைப் போலப் பலரும் எரிவாயு அடுப்புக்கு மாறினார்கள். அந்த அடுப்பின் பின்சுவரில் சாதாரண வினைல் தாளை ஒட்டியிருந்தார். ஒருநாள் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது தாளின் கீழ்விளிம்பு சூட்டில் இளகிச் சுருண்டு, சுவரைவிட்டு விலகித் தீயை நோக்கி வளைந்தது. வெப்பம் தாங்கும் தாளா என்று ஒட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்காமலேயே சொல்லியிருக்க வேண்டியவர் அவர்.

பணத்தின் கதையும் உண்டு. இறுதிப் பட்டியலில் 15 விழுக்காடு வாட் (மதிப்புக்கூட்டு வரி) என்று 1,020 ரேண்ட் சேர்த்து 7,820 கேட்டார். வீட்டில் ஆட்களை வைத்துக்கொண்டு தகராறு வேண்டாம் என்று கட்டிவிட்டேன். பிறகுதான் பட்டியலில் வாட் பதிவு எண்ணே இல்லை என்பதைக் கவனித்தேன். அந்த எண் 4 என்று தொடங்கும் பத்து இலக்கங்களைக் கொண்டது. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்க முடியாது. பதிவு உண்டா இல்லையா என்பதை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

முறையிட்டபோது, பருவ அலங்காரத்துக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றார். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, தரக்குறைவான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழுதுநீக்கமோ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கும் உரிமையை வாங்கியவருக்கு அளிக்கிறது. அதைக் குறிப்பிட்டு, துளையிட்ட கதிர், சுருண்ட தாள் ஆகியவற்றின் படங்களோடு எழுத்தில் அனுப்பிய மறுநாளே 1,020 ரேண்ட் என் கணக்குக்கு வந்தது. மீதியைப் பற்றிப் பேச்சில்லை, அழைத்தால் எடுப்பதுமில்லை. ஆகவே நுகர்பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் முறையீடு கொடுத்திருக்கிறேன். விற்றவரிடம் முதலில் எழுத்தில் முறையிட்டதற்கான சான்று அங்கே தேவைப்படும் என்பதால், வாட்ஸ்அப் உரையாடலை யாரும் அழித்துவிட வேண்டாம்.

ஒட்டுத்தாளை உரித்தபோது சுவர்ச்சாயமும் கையோடு வந்துவிட்டது. தங்கை குடும்பம் வந்தபோது அந்த இடத்தை மறைக்க ஒரு முறத்தைச் சாய்த்து வைத்திருந்தேன். அதுதான் இன்னமும் அங்கே நிற்கிறது. குறைதீர்ப்பாளரின் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.