டிப்பர் லாரியில் எம்-சாண்ட் வாங்குவோர் கவனத்திற்கு: குவியலின் உச்சியை அளந்து மூன்று யூனிட் என்றார்கள்

சென்ற மாதம் எங்கள் வீட்டு மாடிக் கட்டுமானத்திற்காக மூன்று யூனிட் எம்-சாண்ட் (பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணல்) வாங்கியதில், அரை யூனிட்டுக்கும் மேற்பட்ட அளவு குறைவாக வந்ததை நான் லாரி திரும்பிப் போன பிறகே கண்டுபிடித்தேன். வீடு கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களாவது மணலைக் கொட்டுவதற்கு முன்பே இதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

யூனிட் என்பது நூறு கன அடி. லாரி வந்து நின்றதும் ஓட்டுநர், பாடியின் (மணல் ஏற்றும் பெட்டியின்) உட்புற நீளம் 12 அடி, அகலம் 7 அடி என்று என் கண்முன்னே அளந்து காட்டினார்; அந்த அளவுகளில் எந்தப் பிழையும் இல்லை. பிறகு மேலே ஏறி, மணலின் நடுவில் ஒரு கம்பியை அடித்தட்டு வரை செருகி எடுத்து, ஈரம் பட்ட இடம் வரை 3 அடி 7 அங்குலம் இருப்பதைக் காட்டினார். மூன்றையும் பெருக்கினால் 301 கன அடி வருகிறது. கணக்கு சரியாக இருந்ததால் நானும் ரசீதில் கையொப்பமிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் கம்பி செருகப்பட்ட இடம் குவியலின் உச்சி. பக்கப் பலகைகளை ஒட்டி மணல் 2 அடி 6 அங்குல உயரத்திற்குத்தான் இருந்தது என்பதைக் கீழே நின்ற எங்கள் மேஸ்திரி கவனித்திருக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்னபோது லாரி தெருமுனையைத் தாண்டியிருந்தது. நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கும் கணக்கு, மேற்பரப்பு மட்டமாக இருக்கும் கனச்செவ்வகத்திற்கு மட்டுமே பொருந்தும். எங்கள் லாரியில் இருந்ததோ, 2 அடி 6 அங்குல உயரமுள்ள ஒரு கனச்செவ்வகமும் அதன்மேல் 13 அங்குல உயரத்தில் நான்கு பக்கமும் சரிந்த ஒரு பிரமிடும் ஆகும். கீழ்ப்பகுதி 210 கன அடி. பிரமிடின் கன அளவு, அதே அடிப்பரப்பும் உயரமும் கொண்ட கனச்செவ்வகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், மேற்பகுதி சுமார் 30 கன அடி. ஆக மொத்தம் 240. உச்சியின் உயரத்தை லாரி முழுவதற்கும் கணக்கிட்டதால், வெறும் காற்றுக்கு நான் அறுபது கன அடி விலை கொடுத்திருக்கிறேன்.

மேஸ்திரி சொன்னதை மட்டும் நம்பி ஒருவர்மீது குறை கூறக் கூடாது என்பதால், கொட்டிய மணலைச் சித்தாட்களைக் கொண்டு வட்டமான குவியலாக ஒதுக்கச் செய்து மறுபடியும் அளந்தேன். அடிச்சுற்றளவு 44 அடி, ஆகவே ஆரம் 7 அடி. உயரம் 4 அடி 8 அங்குலம். கூம்பின் கன அளவும் அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கே. அடிப்பரப்பு 154 சதுர அடியை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தபோது ஏறத்தாழ 240 கன அடிதான் வந்தது. (பாஸ்கராச்சாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் தானியக் குவியலுக்கு ஒரு விதி உண்டு: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தி உயரத்தால் பெருக்க வேண்டும். பை (π) மதிப்பை மூன்று என்று கொள்ளும் அந்த விதி சற்று மிகையான விடையையே தரும். அதன்படி கணக்கிட்டாலும் 251 கன அடிக்கு மேல் போகவில்லை.)

விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்து இந்த அளவுகளைச் சொன்னேன். எல்லா இடங்களிலும் நடுவில்தான் கம்பி வைப்பார்கள் என்றும், கொட்டிய பிறகு எதுவும் செய்ய முடியாது என்றும் பதில் வந்தது. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் ஒரு தவறான அளவு சரியான அளவாகிவிடாது என்பதை அவர் ஏற்கவே இல்லை. எனக்குப் பண இழப்பைவிட அந்தப் பதில்தான் அதிக வருத்தத்தைத் தந்தது.

எனவே லாரி வந்தவுடன் மணலைப் பலகையால் மட்டப்படுத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு மூலைகளிலும் நடுவிலும் கம்பி வைத்துப் பாருங்கள். நீள அகலங்களைப் பாடியின் உட்புறத்திலேயே அளக்க வேண்டும். எங்கள் லாரியையே வெளிப்புறமாக ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் சேர்த்து அளந்திருந்தால், 84 சதுர அடி பரப்பு ஏறத்தாழ 94 ஆகியிருக்கும். ஈரத்தையும் மறந்துவிடாதீர்கள். சிறிதளவு ஈரம் ஏறிய மணல் உப்பி, உலர்ந்த மணலைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பாத்திரத்தில் அந்த மணலை நிரப்பி, அது மூழ்கும் வரை நீர் ஊற்றிக் கிளறினால், மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். விற்பவர் மறுத்தால், பணம் கொடுப்பதற்கு முன் லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. பணம் கொடுத்துவிட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

அடுத்த லோடை வேறொருவரிடம் வாங்கினேன். அதே 12 அடிக்கு 7 அடி பாடிதான். மட்டப்படுத்திய பிறகு உயரம் 2 அடி 11 அங்குலம் இருந்தது. 245 கன அடி என்று அவரே ரசீதில் எழுதி, அந்த அளவுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டார்.