வீட்டுக்கு வரும் நர்ஸா, போனில் பேசும் நர்ஸா?

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றி முடிந்து 7 முதல் 14 நாளுக்குள், கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். அப்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அவசரம்தான். "பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க" என்று நள்ளிரவில் சொல்ல, புற்றுநோய்ப் பயிற்சி பெற்ற நர்ஸ் போனில் இருந்தாலே போதும். ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் கிராமத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் போனில் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கார்" என்பார்கள். வீட்டுக்கு வருபவர் கண்ணில்தான் தலையணைக்கு அடியில் சாப்பிடாமல் சேர்ந்து கிடக்கும் மார்ஃபின் எனும் வலி மாத்திரைகள் படும். அடிமையாகிவிடுவோமோ என்ற பயம், அப்புறம் மலச்சிக்கல். மலமிளக்கியும் சேர்த்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் மாத்திரை உள்ளே போகும். வழியனுப்ப வாசல்வரை வரும் மகள் தாழ்ந்த குரலில் கேட்பாளே, "இன்னும் எத்தனை நாள்?" என்று, அந்தக் கேள்வி போனில் வராது.

என்னைக் கேட்டால், முதல் சந்திப்பு வீட்டில், அப்புறம் போன். வலி மருந்தின் அளவு மாறும்போது மறுபடி நேரில் வரட்டும்.