பேட்டரி காரா, ஹைட்ரஜன் காரா?

இரண்டிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். ஓடும்போது இரண்டுமே கரியமில வாயுவைக் கக்குவதில்லை. அந்த மோட்டாருக்கு மின்சாரம் எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் வழி பிரிகிறது.

பேட்டரி கார் மின்சாரத்தை நேரடியாகச் சேமித்து மோட்டாருக்குத் தருகிறது. உற்பத்தியாகும் 100 யூனிட்டில் சுமார் 70 முதல் 80 வரை சக்கரத்தை எட்டிவிடும். ஹைட்ரஜன் கார் சுற்றி வளைத்துப் போகிறது. மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜன் வாயுவை 700 பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு) அழுத்தத்தில் தொட்டியில் அடைத்து, எரிபொருள் கலத்தில் மறுபடியும் மின்சாரமாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகி, கடைசியில் மிஞ்சுவது 30 யூனிட் அளவுதான். மூக்கைச் சுற்றித் தொடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது! போதாததற்கு, இன்றைய ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, நீரிலிருந்து அல்ல.

ஹைட்ரஜனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஐந்து நிமிடத்தில் தொட்டி நிறைந்துவிடும். ஆனால் நிரப்ப நிலையம் வேண்டுமே. டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராய் 2014-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஹைட்ரஜன் நிலையங்கள் இன்றும் அரிது. பேட்டரி காரை வீட்டுப் பிளக்கிலேயே இரவில் மாட்டிவிடலாம்.

பேட்டரியும் குறையற்றதல்ல. கனம் அதிகம், கடுங்குளிரில் ஓடும் தூரம் குறையும், லித்தியத்துக்குச் சுரங்கம் தோண்ட வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில், வேறு சில வகைகளில் சேரும் நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாதது ஓர் ஆறுதல்.

சொந்தக் கார் என்றால் என் ஓட்டு பேட்டரிக்கே. நெடுந்தூரக் கனரக லாரிகளில் ஹைட்ரஜனுக்கு இன்னும் இடம் இருக்கலாம்.